தொண்ணூறு நாள் பீப்பாய்

நைனா,

இன்று காலை அம்மாவின் மருந்துச் சீட்டைப் படம் எடுக்கப் போனேன். போனில் இடமில்லை என்று வந்தது. வெகுநாளாகத் திறக்காதவற்றை அழித்துவிடலாமா என்று அதுவே ஒரு பட்டியலைக் காட்டியது. முதலில் இருந்தது நம் கடை விளையாட்டு. அழிக்க விரல் போகவில்லை, திறந்துவிட்டேன். உள்ளே விளக்கு இன்னும் எரிகிறது. மூன்று பேர் மேசை முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள், ஊற்றிக் கொடுக்க ஆள் இல்லாமல். கொக்கி தைக்க வந்த ஜாக்கெட்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நீ இருந்தபோது உன்னிடம் இவ்வளவு பேசியதே இல்லை. யாரிடமும்தான் பேசியதில்லை. ஒன்பதாவதில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னபோது குரலே வரவில்லை. அதோடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினேன். நீ ஏன் என்று ஒருமுறைதான் கேட்டாய். நான் சுவரைப் பார்த்தேன். நீயும் விட்டுவிட்டாய்.

வருடா வருடம் விபூதிப் புதனன்று தவக்காலம் தொடங்கியதும் குடியை நிறுத்துவாய், ஈஸ்டர் மத்தியானம் மறுபடி தொடங்குவாய். நம் தெருவில் பாதி ஆண்கள் அப்படித்தான். போன வருடம் மட்டும் அது வேறு மாதிரி ஆனது. தவக்காலத்துக்கு முன்னால் ரத்த வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாய். ஈரல் கெட்டுவிட்டது, இனி குடித்தால் உயிர் தங்காது என்று டாக்டர் உன் முகத்துக்கு நேராகவே சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அம்மா சத்தியம் கேட்டாள். "அதான் தவக்காலம் வருதுல்ல, வுட்டுடறேன்" என்றாய். அது முடிந்த பிறகு என்ன என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் நீ பதில் சொல்லிவிடுவாயோ என்று பயம்.

ஹார்பரில் கன்டெய்னருக்குச் சங்கிலி மாட்டுகிற வேலைக்கும் உன்னால் போக முடியவில்லை. பகல் எப்படியோ கழிந்துவிடும். சாயங்காலம் ஐந்தரை ஆனால் கால் ஆட ஆரம்பிக்கும். வாசலுக்குப் போவாய், வருவாய், பானையைத் திறந்து தண்ணீர் குடிப்பாய். ஒரு நாள் அதைப் பார்க்க முடியாமல் என் போனை உன் கையில் வைத்தேன். என்ன என்று கேட்டாய். "சரக்குக் கடை நைனா. நாமதான் ஓனர்" என்றேன்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நீ அப்படிச் சிரித்து வெகுநாளாகியிருந்தது. "ஏம்மே, உம் பொண்ணு எனுக்கு ஒயின் ஷாப் வெச்சிக் குடுத்துக்கீறா" என்றாய்.

எந்தச் சரக்கை வாங்கி வைப்பது, எதை உடனே விற்பது, எதைக் கீழே நிலவறையில் ஊறப் போடுவது, இதுதான் விளையாட்டு. நான் அதுவரை விலை கூடிய ஒயினாக வாங்கி அடுக்கி, கடையைக் காலியாக வைத்திருந்தேன். நீ வந்து யார் உள்ளே வருகிறார்கள் என்று பார்த்தாய். கப்பலிலிருந்து இறங்கி வருகிறவர்கள்தான் அதிகம். "வேல முட்ச்சி வர்றவனுக்கு இன்னாத்துக்கு ஒயினு? மொதல்ல தண்ணி வையி. அப்பால பீரு" என்றாய். தண்ணீர்க் குடம் என்று ஒன்று அந்த விளையாட்டில் இருப்பதே எனக்குத் தெரியாது. வைத்தோம். வந்தவர்கள் எழுந்து போகாமல் உட்கார்ந்தார்கள். பீர் நாள் பட்டால் புளித்துவிடும், அதனால் கொஞ்சமாக வாங்கினாய். தேனில் செய்த மதுவைக் குளிர்காலத்துக்கு ஒதுக்கினாய். ஐந்தாவது குவளை கேட்ட ஒரு தாடிக்காரனுக்குக் கொடுக்கவே மாட்டேன் என்றாய். ஆட்டத்தில் அவன் கோபித்துக்கொண்டு போய்விட்டான். "போவட்டும். வூட்ல ஆள் கீதோ இன்னாவோ" என்றாய். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உன் விரல் நடுங்கி வேறு எதன்மேலோ பட்டுவிடும். நான் போனைப் பிடித்துக்கொள்வேன், நீ தொடுவாய். தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தால் முகம் பார்க்க வேண்டியதில்லை. எனக்கு அது சுலபமாக இருந்தது. உனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

தவக்காலத்தின் முதல் ஞாயிறு, பிராந்தி ஒரு பீப்பாய் ஊறப் போட்டோம். அது நிஜ நாள் கணக்கில் ஊறும். நாற்பது நாள் இருந்தால் வெள்ளித் தரம், தொண்ணூறு நாள் இருந்தால் தங்கம். நடுவில் திறந்தால் அதோடு சரி. தினமும் சாயங்காலம் நிலவறைக்குப் போய் அதன் நிறத்தைப் பார்ப்பாய். தேநீர் நிறத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கருத்துக்கொண்டு வந்தது.

ஈஸ்டர் அன்று காலைப் பூசை முடிந்து வந்தோம். உன்னோடு வேலை செய்யும் ஆரோக்கியம் மாமா வாசலில் வந்து நின்றார். "இன்னா மச்சான், சாமியே எய்ந்துட்டாரு, நீ இன்னும் குந்திகினு கீற?" என்றார். நீ எழுந்தாய். சட்டைப் பொத்தானைப் போட்டாய். அம்மா கறி கழுவுவதை நிறுத்திவிட்டாள்.

போகாதே என்று சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக வந்தது இதுதான்: "நைனா, பீப்பா இப்ப வெள்ளிதான். பெந்தகோஸ்து வரிக்கும், இன்னும் ஏழு வாரம் வெச்சா தங்கம்."

நீ என்னைப் பார்த்தாய். பீப்பாயைப் பற்றி நான் பேசவில்லை என்று உனக்குத் தெரிந்துவிட்டது. "இன்னிக்கி இல்ல மாமே, சரக்கு இன்னும் ஊறல" என்று அவரை அனுப்பினாய். எந்தக் கடைச் சரக்கு என்று புரியாமல் அவர் தலையைச் சொறிந்துகொண்டே போனார்.

அதற்குப் பிறகு ஏழு வாரம் நீ நன்றாக இருந்தாய். அம்மாவோடு மார்க்கெட் போனாய். ஒரு நாள் எண்ணூர் வரை பஸ்ஸில் போய் முகத்துவாரத்தில் இறால் வாங்கி வந்து நீயே சமைத்தாய். வேலைக்கும் பாதி நாள் போனாய். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

பெந்தகோஸ்து ஞாயிறு, கோயிலிலிருந்து வந்து போனைக் கேட்டாய். சேர்ந்துதான் திறந்தோம். தங்கம். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள். "நல்லா வந்துகீது பாப்பா" என்றாய். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, இதோ வருகிறேன் என்றாய். என்னைப் பார்க்காமல் சொன்னாய். நான் போனைப் பிடித்தபடி நின்றேன்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாள் குறித்துவிட்டால் அதில் ஒரு நாள்கூடத் தவறமாட்டாய். ஆனால் நாள் முடிந்தால் நேர்ச்சையும் முடிந்தது. நீ எனக்குச் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றிவிட்டுத்தான் போனாய். கடைசி நாளை வைத்தவள் நான்.

ஆவணியில் ஆஸ்பத்திரியில், வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி நீ படுத்திருந்தபோது அதைச் சொன்னேன். என் வாழ்நாளில் நானாக ஆரம்பித்த முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்கும். பெந்தகோஸ்து என்று நான் சொல்லியிருக்கக் கூடாது என்றேன்.

"நீ சொல்லலன்னா ஈஸ்டர்லயே போயிருப்பேன். அந்த அம்பது நாளு நீ குடுத்தது பாப்பா" என்றாய். மூச்சு வாங்கிவிட்டு, "ஆனா போவாதன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்" என்றாய். கோபமாகச் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாய்.

அந்த இரண்டையும்தான் சுமக்கிறேன், நைனா. ஒன்று கனம் குறைந்தால் மற்றது கூடுகிறது. இறாலுக்கு மஞ்சள் தடவிய உன் கை ஞாபகம் வந்தால் முதலாவது. செருப்புச் சத்தம் கேட்டால் இரண்டாவது.

போன ஞாயிறு ஈஸ்டர். ஆரோக்கியம் மாமா அம்மாவுக்குக் கறி கொண்டுவந்து கொடுத்தார். அவரும் நாற்பது நாள் குடிக்கவில்லை. அவர் கண்ணும் மஞ்சளாகத் தொடங்கியிருக்கிறது. உன்னைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு, கிளம்பி வாசல் தாண்டினார். எந்தப் பக்கம் போகிறார் என்று எங்களுக்குத் தெரியும். நான் பின்னாலேயே தெருவுக்கு ஓடினேன். தெருவில் ஆட்கள் இருந்தார்கள். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"போவாத மாமா."

அவர் திரும்பி, நானா பேசினேன் என்பதுபோலப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். "சரி. எத்தினி நாளைக்கி?" என்று கேட்டார்.

"நாளு கெடயாது மாமா" என்றேன்.