அரிசி டின்னில் அத்திக்காய்

என் கண்ணு,

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நல்லா இருப்பீங்கன்னு நம்பிக்கிட்டு அப்பா எழுதறேன். இங்கே நான் இருக்கேன். நல்லா இருக்கேன்னு எழுதத்தான் உட்கார்ந்தேன், கை இருக்கேன்னு மட்டும் எழுதுது, சரி போகட்டும், உடம்புக்கு ஒண்ணுமில்ல. முன்னெல்லாம் அத்தி பூத்தாப்ல போன் பண்ணுவே, அம்மா போனதுல இருந்து தினமும் பண்றே, நீ அந்தப் பக்கம் அழறே, நான் இந்தப் பக்கம் உம் கொட்டிக்கிட்டு இருக்கேன். வீட்டை வாடகைக்கு விட்டுட்டு எங்களோடவே வந்துடுங்கப்பா, வருவீங்களா மாட்டீங்களான்னு கேட்டே, அதுக்கும் உம்தான் சொன்னேன். அது வரேன்னு உம்மா, வரலைன்னு உம்மான்னு கோவிச்சுக்கிட்டு போனை வெச்சுட்டே. நியாயம்தான். எனக்கே தெரியலைம்மா. உன் அத்தை வந்து, கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கியேடா, ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டியான்னு கேட்டா. வரலைன்னா என்னத்தைப் பண்றது. காபி குடிக்கறேன், குளிக்கறேன், பேப்பர் படிக்கறேன், என்ன படிச்சேன்னு கேட்டா தெரியாது. எதுவும் உறைக்கல.

பின்பக்கம் குளியலறைத் தண்ணி போற இடத்துல அம்மா வெச்ச சீமை அத்தி இந்த வருஷம் கிளைக்குக் கிளை காய்ச்சிருக்கு. அவ இருந்தப்ப பழம் தட்டுல வந்துடும், எப்படி வந்துதுன்னு நான் பார்த்ததில்ல. அணில் கடிச்சுப் போடுதேன்னு ஒருநாள் ஏணி போட்டு, நல்லா உருண்டையா இருந்ததையெல்லாம் பறிச்சுட்டேன். காம்புல வந்த பால் விரலெல்லாம் ஒட்டி அரிப்பெடுத்துது, லிப்ட் மெக்கானிக்கா காலமெல்லாம் கிரீஸுல புரண்டவன் நான், கிரீஸ் கூட இப்படி ஒட்டினதில்ல. அத்தனையையும் மாங்காய் மாதிரி அரிசி டின்னுக்குள்ள புதைச்சு மூடி வெச்சேன். பழுக்கவே இல்ல, சுருங்கிப் பழைய செருப்புத் தோல் மாதிரி ஆயிடுச்சு. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா மதில் மேல எட்டிப் பார்த்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சா. அண்ணே, அத்தி என்ன மாங்காயா, பறிச்சதோட சரி, அப்புறம் பழுக்காது, மரத்துலயே கழுத்து தளர்ந்து தலை தொங்கணும், தொட்டா மெத்துனு இருக்கணும், அண்ணிதான் எனக்கே சொன்னாங்க, உங்களுக்குத் தெரியாதான்னா. எனக்குச் சொல்லல. நான் கேக்கவும் இல்ல. தையல்காரம்மா சிரிச்சதுல எனக்கு வெக்கமும் இல்ல, கோவமும் வரல. மீதிக் காய்க்கெல்லாம் வெங்காயம் வர்ற வலைப்பையை வெட்டிக் கட்டிட்டு, தினம் காலையில போய்க் கழுத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தேன், வேற வேலை என்ன.

நேத்து ஒண்ணு தொங்கிடுச்சு. தோல் லேசா வெடிச்சிருந்துது. காம்பைத் திருகினேன், பால் வரல, கையோட வந்துடுச்சு. பிட்டுப் பாதியை வாயில போட்டேன், நல்ல இனிப்பு. மீதிப் பாதியை நீட்டிக்கிட்டே சமையலறைப் பக்கம் திரும்பி, இந்தான்னு கூப்பிட்டேன். உனக்குத்தான் தெரியுமே, கல்யாணம் ஆனதுல இருந்து அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல, கூப்பிடறதும் இந்தா, கொடுக்கறதும் இந்தா. உள்ளே இருந்து என்னவாம்னு ஒரு குரல் வரும். வரட்டும்னு கையை நீட்டினபடி நின்னேன். மதிலுக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்னுது, என்னண்ணே கூப்பிட்டீங்களான்னா. இல்லம்மான்னேன். மெஷின் திரும்ப ஓட ஆரம்பிச்சுது. அப்பதான்மா உங்கம்மா செத்துட்டான்னு எனக்குத் தெரிஞ்சுது. அங்கயே தரையில உட்கார்ந்து அழுதேன். அப்புறம் எழுந்து கை கழுவினேன்.

அதனால வரேன்மா, டிக்கெட் போடு. மரத்துல இருக்கறதைப் பறிச்சுக்கச் சொல்லித் தையல்காரம்மாகிட்ட சொல்லிட்டேன். குட்டிக்குச் சளின்னியே, வெந்நீர்லயே குளிப்பாட்டு. மாப்பிள்ளையை வண்டி ஓட்டறப்ப போன் பேச வேண்டாம்னு சொல்லு, நான் சொன்னதா சொல்லாதே. மூணு பேரும் நோய்நொடி இல்லாம நிறைஞ்சு வாழணும். ஒண்ணே ஒண்ணு மறந்துடாதே, அங்கே நான் எதையாவது கையில வெச்சுக்கிட்டு இந்தான்னு கூப்பிட்டா, எவ்வளவு வேலையா இருந்தாலும் ஒரு குரல் கொடு.

உன் அப்பா