எமிலின் ஜெபம்

ஹோபோக்கன்,
ஜனவரி 1919.

என் கண்ணே லீனா,

நலம் என்று எழுதுவது முறை, அதனால் எழுதிவிட்டேன். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் மில்வாக்கிக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும். குட்டிப் பையனுக்கு இருமல் நின்றதா? நெஞ்சில் வாத்துக் கொழுப்பைச் சூடாகத் தடவு, டாக்டர் சிரித்தால் சிரிக்கட்டும்.

உன் தம்பி எமில் போய்விட்டான் என்று தந்தி சொன்னதற்கு மேல் எனக்கும் ஒன்றும் தெரியாமல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை டெலனி என்று ஒரு பையன் வந்தான், எமிலோடு கப்பலேறியவன், காலில் குண்டுபட்டுத் திரும்பியிருக்கிறான். எந்தக் கப்பல் என்று கேட்டேன். நம் வால்பர்காதான் லீனா. உன் அப்பா ரொட்டி சுட்ட கப்பல். அமெரிக்கா சண்டையில் இறங்கியதும் ஜெர்மன் கப்பல் என்று அதைப் பிடுங்கிக்கொண்டு, ஜெர்மன்காரர் என்று அவரைக் கம்பி வேலி முகாமுக்குள் அடைத்து, சாம்பல் வண்ணம் பூசி வேறு பேர் வைத்து, அதிலேயே அவர் பிள்ளையைச் சண்டைக்கு ஏற்றியிருக்கிறார்கள். அது கிளம்பிய அன்றைக்கு அதன் ஊதல் கேட்டது, துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாத குரலா அது? ஆனால் எதிரி நாட்டுக்காரி துறைமுகப் பக்கம் தலைகாட்டக் கூடாதே. அவன் அதில் இருக்கிறான் என்றும் தெரியாது. கப்பல் போகிறது என்று நினைத்துக்கொண்டு அடுத்த சட்டையை எடுத்தேன், பாவி.

நடுக்கடலில் காய்ச்சல் வந்துவிட்டதாம். கீழ்த்தளத்தில் ரொட்டி அடுப்புச் சுவரை ஒட்டித்தான் அவன் படுக்கை. பட்டாளத்துக்குப் போனதிலிருந்து நம் பாஷை ஒரு சொல் பேசமாட்டானே, நான் ஜெர்மனில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லுவானே, அவன் கடைசியில் வேறெதுவும் பேசவில்லையாம். "ராவெல்லாம் ஒரே ஜெபம்தாம்மா. ஒரு வார்த்தை புரியல, ஆனா கேட்டுக் கேட்டு எங்களுக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. அவனைக் கடல்ல இறக்குறப்போ பாதிரியார் சொன்னதுக்கப்புறம் நாங்க எல்லாருமா அதையே சொன்னோம்" என்றான். அதைச் சொல்லிக் காட்டு என்றேன். தொப்பியைக் கழற்றி, கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். உச்சரிப்பு எப்படியெப்படியோ போனது, எனக்குப் புரிந்துவிட்டது. பாபா, மியர் ஆவ்ஃ ஐன்ஸ்.

அப்பா, எனக்கும் ஒண்ணு.

உனக்கு ஞாபகம் இருக்குமே. கப்பல் துறைக்கு வந்தால் அப்பா சுடச்சுட உருண்டை ரொட்டி கொடுப்பார், நீ முண்டியடித்து இரண்டு கையிலும் வாங்கிக்கொள்வாய், அவன் பின்னால் நின்று கத்துவான். அடுப்பு வாசனை மூக்கில் ஏற, அப்பா உள்ளே சுடுகிறார் என்று நினைத்துவிட்டான் என் குழந்தை. டெலனியிடம் அர்த்தத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நல்ல ஜெபம் என்று மட்டும் சொன்னேன். அவன் போன பிறகு அழுதேன், இதை எழுதும்போதும் அழுகிறேன்.

அப்பாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. முகாமுக்கு இங்கிலீஷில் எழுதினால்தான் சீக்கிரம் சேர்கிறது, அதனால் நீதான் எழுத வேண்டும். எல்லாவற்றையும் இங்கிலீஷில் எழுது, அந்த ஒரு வரியை மட்டும் நம் பாஷையில் எழுது. தணிக்கைக்காரன் அடித்துவிடுவானோ என்று பயப்படாதே, கீழே ஜெபம் என்று போட்டுவிடு.

கர்த்தர் உன் வீட்டில் எல்லோரையும் காக்கட்டும். வாத்துக் கொழுப்பை மறக்காதே.

உன் அம்மா,
மத்தில்டே