எதிர்க்கடையில் நான் ஏற்றிய விளக்கு

என் பிரியமுள்ள அத்தானுக்கு,

நீங்கள் அக்காவையும் என்னையும் விட்டுக் கண்ணை மூடி இரண்டு மாதம் ஆகிறது. எதையும் இரண்டு முறை எழுதிப் பார்த்துத்தான் தபாலில் சேர்ப்பேன். இதை ஐந்து முறை எழுதிவிட்டேன். இப்போதும் சரியாக வந்திருக்கிறதா, தெரியவில்லை.

பாளையங்கோட்டையில் நம் தெரு அப்படியேதான் இருக்கிறது. சாயங்காலம் ஆனதும் உங்கள் இட்லிக் கடைக்கு எதிரே ஃபாஸ்ட் புட் கடையில் அடுப்பு சீறுகிறது. இரும்புச் சட்டியில் கரண்டி அடிக்கிற அடியில் வீட்டுக்குள் ரேடியோச் செய்தி காதில் விழுவதில்லை. உங்கள் பெஞ்சில் உட்கார்ந்து இட்லியும் மிளகாய்ப்பொடியும் கேட்ட விடுதிப் பையன்கள் அங்கே நின்றபடியே நூடுல்ஸ் சாப்பிடுகிறார்கள். உங்கள் கடை வாசலில் அவர்களுடைய வண்டிகள் நிற்கின்றன.

அந்தக் கடையை விளக்கேற்றித் திறந்து வைத்தவன் நான்.

தெருவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் நான் ஒருவன்தானே. "சார்வாள் கையால ஏத்தணும்" என்று கடைக்காரப் பையன் வந்து நின்றான். மறுக்க நா எழவில்லை. உங்களைக் கேட்க வந்தேன். நீங்கள் மாவைக் கலக்கிக்கொண்டே சிரித்தீர்கள்.

"பள்ளிக்கூடத்துல மணியடிக்கக்கூட பியூன்கிட்ட கேட்டுட்டு அடிச்ச ஆளுல்லா நீரு. இதுக்கும் நான்தான் சொல்லணுமாவே? போயி ஏத்தும். நல்ல காரியத்துக்குக் கூப்பிடுதான்."

உத்தரவு கிடைத்துவிட்டதென்று போனேன். விளக்கேற்றி நிமிர்ந்தபோது நீங்கள் உங்கள் கடை வாசலில் நின்றீர்கள். கும்பிட்டேன். நீங்கள் உள்ளே போய்விட்டீர்கள். அடுப்பில் வேலை இருந்திருக்கும். அப்படித்தானே, அத்தான்?

ஒன்றரை வருஷத்தில் கடையை மூடினீர்கள். பிறகு நாற்காலியை விட்டு நீங்கள் எழுந்ததே அபூர்வம். அந்த விளக்கைப் பற்றி மட்டும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

நேற்று அக்காவிடம் துணிந்து கேட்டேன். "அத்தானுக்கு எம்மேல வருத்தம் உண்டுமாக்கா? அவியதானே போகச் சொன்னாவ?"

அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"போன்னா போயிருவியாலே? நீ மாட்டேன்னு சொல்லுவேன்னு நெனச்சுல்லா சொன்னாவ. அன்னிக்கு ஒரு வாய் சோறு எறங்கல அவியளுக்கு."

கீரைக் காம்புகளைக் கூட்டி ஒதுக்கிவிட்டு அக்காவே சொன்னாள்: "சரி, நீ வீட்டுக்குப் போ."

நானும் எழுந்து வந்துவிட்டேன். என் வீட்டு வாசலை மிதித்த பிறகுதான் உறைத்தது. தனியாக இருக்கிறவளை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். திரும்பிப் போகவும் தைரியமில்லை. இந்த வயதிலும் நான் இப்படித்தானா அத்தான்?

இன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போகிறேன். அவள் போ என்று சொன்னாலும் போகமாட்டேன்.

உங்கள் மைத்துனன்