தீர்த்தம் தெளிச்ச ஆட்டோ

இராமேஸ்வரம்

அய்யாவுக்கு நாகஜோதி கும்பிட்டு எழுதுறது. முழங்கால் வலி தேவலையா? நான் சுகந்தான். போன்ல பேசுனா குரலு காட்டிக்குடுத்துரும், அதான் எழுதுறேன்.

நம்ம பழைய ஆட்டோ நின்னுபோச்சு. பிளக்கு மாத்தியும் ஸ்பார்க் வரலை. மெக்கானிக் திறந்து பார்த்தா ஸ்பார்க் குடுக்குற காயில், ஒயரெல்லாம் உப்பு அரிச்சுக் கிடக்கு. “கடல்தண்ணியவா ஊத்துனே?”ன்னு கேட்டாரு. நீங்க சொன்னபடி தெனமும் எஞ்சின் மேல தீர்த்தம் தெளிச்சுத்தான் வண்டியெடுத்தேன். இங்கன அக்கினி தீர்த்தம்னா கடல்தானே அய்யா! சிரிப்பா வருதுல்ல?

புதுக் காயில் போட்டும் ஸ்பார்க் வரலை. இது ஓடலைன்னா நான் இங்கன இருந்து என்ன செய்ய? வண்டி மேல சாஞ்சு அழக்கூட பயமா இருக்கு, அதுவும் உப்புத்தண்ணிதானே.

யாராச்சும் இங்கிட்டு வந்தா நம்ம கெணத்துத் தண்ணி ஒரு கேன் குடுத்துவிடுங்க. நான் குடிக்கத்தான். மெக்கானிக் கூப்பிடுறாரு, போறேன்.

உங்க மக
நாகஜோதி