அப்பாவின் இடது கை

அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீயும் அங்கே உடம்பும் மனசுமாக நன்றாக இருப்பாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். நலம் என்பதை இந்த முறை வழக்கத்துக்காக எழுதவில்லை. அப்பாவின் விரல்கள் ஆறிவிட்டன, நேற்றுக் கடையைத் திறந்துவிட்டார். விரல் நுனியெல்லாம் வெடித்து, கடிகாரத்தின் சின்னத் திருகாணியைப் பிடிக்க முடியாமல், கடையைக் கைமாற்றிவிடலாமா என்றுகூடப் பேச ஆரம்பித்திருந்தார், அதை உன்னிடம் நான் சொல்லவில்லை. தோல் டாக்டர் எக்ஸிமா என்று களிம்பு கொடுத்தார், போடும்வரை ஆறும், விட்டால் திரும்ப வெடிக்கும். பொறுமை போய் ஆயுர்வேத வைத்தியரிடம் கிளம்பினார். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது, துணைக்குப் போனேன் என்பதைவிடக் காவலுக்குப் போனேன் என்பதே சரி. ஆனால் அந்த வைத்தியர் அம்மாள் நிதானமானவர். டாக்டர் களிம்பை நிறுத்தாதீங்க என்று முதலிலேயே சொல்லிவிட்டு, பித்தம் கூடியிருக்கிறது என்று தடவ ஓர் எண்ணெயும், பூண்டு கூடாது என்று பத்தியமும் சொன்னார். எண்ணெயில் அரிப்பு கொஞ்சம் அடங்கியது, மறுக்கமாட்டேன். அப்பா பூண்டை அறவே விட்டார். அப்படியும் விரல் வெடித்தது.

அப்போதுதான் நீ போனில், எந்தக் கைம்மா என்று கேட்டாய். இடது கை, கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரலும் என்றேன். வலது கைக்காரருக்கு இடது கையில மட்டும் ஏன் வரணும், அதுல எதைப் பிடிக்கிறார்னு பாரும்மா என்றாய். முழங்கை மடிப்பில் இதே தொல்லையோடு வளர்ந்தவள், உனக்குக் கேட்கத் தோன்றியது. அன்று சாயங்காலம் சமையலறைக்குள் போனால், உங்கப்பா தன் பத்தியச் சாப்பாட்டைத் தனியாக மூடி வைத்துவிட்டு, எனக்காக உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறார். இடது கையில் பூண்டு, வலது கையில் கத்தி. சாப்பிடத்தானே கூடாதுன்னாங்க என்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றும் போனது. தோல் டாக்டர் அப்பாவின் முதுகில் சோதனை மருந்து ஒட்டிப் பார்த்து, பூண்டு ஒவ்வாமைதான் என்றார். கையுறை போட்டாலும் ஊடுருவுமாம், தொடவே கூடாதாம். வைத்தியரிடமும் சொன்னோம். தொடக்கூடாதுன்னும் சொல்லியிருக்கணும், இனி எல்லாருக்கும் சொல்றேன் என்றார். அவரிடம் எனக்கு மரியாதை வந்துவிட்டது, இதை அப்பாவிடம் சொல்லிவைக்காதே. இப்போது பூண்டு என் இலாகா. நான் உரிக்கிற லட்சணத்துக்குத் தோலோடயே போடலாம் என்று வாசற்படியில் நின்று கிண்டல் செய்கிறார்.

நன்றி என்று சொல்லிக்கொள்வது நம் வீட்டில் பழக்கமில்லை, நேரில் எனக்கு வரவும் வராது, அதனால்தான் போனை விட்டுவிட்டு எழுதுகிறேன். கூட வரும் பொட்டலத்தில் உன் பழைய கைக்கடிகாரம் இருக்கிறது. நேற்றுக் கடை திறந்ததும் அவர் கையில் எடுத்த முதல் வேலை அதுதான். ஒரு திருகாணிகூடக் கீழே விழவில்லை. முள்ளை உன் ஊர் நேரத்துக்கே வைத்திருக்கிறார், மாற்றிவிடாதே.

குளித்ததும் ஈரம் காய்வதற்குள் கிரீம் தடவிக்கொள், ஆறிவிட்டதென்று நீயாகக் களிம்பை நிறுத்தாதே. எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இரு கண்ணு.

பூண்டு வாசனைக் கையோடு,
உன் அம்மா