பீடத்துணியைத் தின்ற கன்று

1935, சனிக்கிழமை இரவு.

மாதா கோயில் பீடத்துணியைத் துவைப்பது இந்த வாரம் என் முறை. கஞ்சி போட்டு வேலியில் காயவைத்துவிட்டு ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தேன். முடித்து வெளியே வந்தால், பக்கத்து வீட்டுக் கன்று கஞ்சி ருசியில் துணியின் ஓரத்தை மென்றுகொண்டிருக்கிறது! விடிந்தால் ஞாயிறு பூசை. ஜெபித்த வாயாலேயே அதைத் திட்டித் தீர்த்தேன்.

கன்றுக்குச் சொந்தக்காரி மாராத்தாள் ஓடிவந்தாள்.

“ஏனுங்க அம்மணி, உங்க சாமி மாட்டுக் கொட்டாயில பொறந்தவருன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க? அன்னைக்கே அவரு துணிய ஒரு கன்னு நக்காமயா உட்டிருக்கும்?”

சிரித்துவிட்டேன். நெற்றித் திருநீறோடு அவளே உட்கார்ந்து கிழிசலை மடித்துத் தைத்தாள். என் தையலைவிட நேர்த்தி.

நாளை பூசையில் அந்த ஓரத்தைப் பார்த்தால் மறுபடி சிரிப்பு வரும். ஆண்டவரே, அதையும் ஜெபத்தில் சேர்த்துக்கொள்ளும்.