பட்டனின் எடை

யாரபில்,
மே 3

அன்புள்ள லொரேனுக்கு,

நானும் மெரினும் நாயும் ஒருவழியாகப் பிழைத்துக் கிடக்கிறோம். சிட்னி ஆஸ்பத்திரியில் உன் தொண்டைக்கு இரண்டாவது வாரக் கதிர்வீச்சு ஆரம்பித்திருக்கும். பேசவே கூடாது என்று உன்னிடம் சொல்லியிருக்கிறார் என்றால் அந்த டாக்டருக்கு நெஞ்சழுத்தம்தான். கல்யாணமாகி இருபது வருடமாக எனக்கு அந்தத் தைரியம் வந்ததில்லை. போனில் நான் மட்டும் பேசிக்கொண்டிருந்தால் சுவரோடு பேசுவதுபோல் இருக்கிறது, அதனால் எழுத உட்கார்ந்துவிட்டேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, தொண்டை வலிக்கும்.

நம் பெண் மெரினைப் பற்றித்தான் உனக்கு முதலில் தெரிய வேண்டும். பத்தாம் வகுப்பு விவசாயப் பாடத்துக்கு டிரெலோர் இந்த வருடமும் தன் பண்ணையிலிருந்து ஆறு இளங்காளைகளை இரவல் விட்டிருக்கிறார். ஆளுக்கு ஒன்று. விடிந்ததும் பள்ளிக்கூடப் பட்டிக்கு ஓடுகிறார்கள். தீனி வைத்து, குளிப்பாட்டி, மயிரை வாரிவிட்டு, கயிறு பிடித்து மைதானத்தைச் சுற்றி நடத்துகிறார்கள். ஜூனில் மாவட்டக் கண்காட்சி. நம் காலத்தில் இருந்த அதே முறைதான். வெள்ளைச் சட்டையும் பள்ளிக்கூட டையும் கட்டிக்கொண்டு நடுவர் முன்னால் ஒரு சுற்று, அது முடிந்ததும் காளைகள் நேரே இறைச்சிக்கூடத்துக்கு. வெட்டித் தொங்கவிட்ட இறைச்சிக்கு எத்தனை மதிப்பெண் என்பதை அடுத்த வாரம் காலைக் கூட்டத்தில் வாசிப்பார்கள். நீ அழுதுகொண்டே மூன்றாம் பரிசு வாங்கினாயே, அந்த மேடையில்தான்.

விவசாய டீச்சர் மிஸ் டூலன் முதல் நாளே எல்லாவற்றையும் பிள்ளைகளிடம் உடைத்துச் சொல்லிவிட்டாளாம். காளைக்குப் பெயர் வைக்கக் கூடாது, காதில் இருக்கும் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். பையன்கள் உடனே ரோஸ்ட், சாசேஜ், கட்லெட் என்று வைத்துவிட்டார்கள். அதைக் கேட்டு அவளுக்கே சிரிப்பு வந்து விட்டுவிட்டாள். நம் பெண்ணின் காளைக்கு நெற்றியில் சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு வெள்ளைப் பொட்டு. அதனால் அது பட்டன்.

நீ போன பிறகு என்னோடு பேசியதைவிட அவள் பட்டனோடு பேசியதுதான் அதிகம். ஒருநாள் வேலிக்கு இந்தப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். உனக்கு எத்தனை கதிர் முடிந்தது, எத்தனை பாக்கி என்று அந்தக் காளைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடக் கேன்டீனில் உன் இடத்தில், மெரின் வகுப்புப் பையன் பிரென்ட்டின் அம்மா நிற்கிறாள். சாசேஜ் ரோல் நடுவில் குளிர்ந்தே கிடக்கிறதாம். ஊரே உன்னைக் கேட்கிறது. நன்றாகச் சாப்பிடு.

உன் டெஸ்


யாரபில்,
மே 24

அன்புள்ள லொரேனுக்கு,

உன் துண்டுச்சீட்டு கிடைத்தது. ‘பரவாயில்லை’ என்று ஒரே ஒரு வார்த்தை எழுத ஒரு தபால் தலையை வீணாக்கியிருக்கிறாய். நர்ஸ் போனில் சொன்னது வேறு மாதிரி இருக்கிறது. சூப்பைக்கூடத் தள்ளி வைத்துவிடுகிறாயாம். வயிற்றில் குழாய் போட்டு அது வழியாகச் சத்துப்பால் கொடுக்கலாம் என்று டாக்டர் கேட்டதற்கு, முடியாது என்று கையை ஆட்டினாயாம். விழுங்கினால் கண்ணாடித் துண்டு இறங்குவதுபோல் இருக்கும் என்று அந்த நர்ஸ் சொன்னாள். அதைக் கேட்ட பிறகு உன்னைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை.

இங்கே மழை இல்லை. நான் சமப்படுத்துகிற ரோட்டில் என் வண்டிக்குப் பின்னால் தூசிதான் எழும்புகிறது. மெரின் கணக்கில் ஐம்பதைத் தாண்டிவிட்டாள். ஓட்டப்பந்தயத்தில் கடைசிக்கு முந்தின இடம். அந்தக் கால் என்னுடையது, அவளைக் குறை சொல்லாதே.

பட்டன்தான் புதிராக இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் பட்டியில் எடை போடுகிறார்கள். மற்ற ஐந்தும் கிடுகிடுவென ஏறுகின்றன, இது மட்டும் இறங்குகிறது. கண்காட்சிக்கு இத்தனை கிலோ இருந்தே ஆக வேண்டும் என்று விதி. இப்படியே போனால் சேர்க்க மாட்டார்கள். மிஸ் டூலன் மாட்டு டாக்டரை வரவழைத்தாள். பல்லைப் பார்த்து, வயிற்றைத் தட்டி, பூச்சி மருந்து ஊற்றி, ஒரு கோளாறும் இல்லை என்று போய்விட்டார். பிரென்ட்டுக்குக் கொண்டாட்டம். “மெரின், உன் காளைய மடிச்சுப் பைக்குள்ள வச்சு வீட்டுக்கே கொண்டு போயிடலாம் போல” என்று வகுப்பு முழுக்கச் சிரிக்க வைத்திருக்கிறான். அவனுடைய ரோஸ்ட் பீப்பாய் மாதிரி உருண்டு நிற்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெரினுக்கு இரண்டு எடை இருக்கிறது, பட்டனுடையது ஒன்று, உன்னுடையது ஒன்று. நர்ஸ் சொன்ன எண்ணை நான் சொன்னால் முகம் சுருங்கி அறைக்குள் போய்விடுகிறாள். பட்டன் இளைத்ததைச் சொல்லும்போது மட்டும் அவள் முகத்தில் வருத்தம் இல்லை. அது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. குழாயைப் பற்றி இன்னொரு முறை யோசி.

உன் டெஸ்


யாரபில்,
ஜூன் 9

அன்புள்ள லொரேனுக்கு,

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நீ படுத்திருக்கும் நிலையில் உனக்கு இது தேவையா என்றால் தேவையில்லை. ஆனால் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

போன வெள்ளிக்கிழமை கண்காட்சிக்கான கடைசி எடை. பெற்றோர்களும் போயிருந்தோம். பட்டன் எடை மேடையில் ஏறியது, எடை போதவில்லை. மிஸ் டூலன் மெதுவாகச் சொன்னாள். மெரின் தலையை ஆட்டிக்கொண்டு சிரித்தாள். நீ சிட்னிக்குப் போன பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு அது.

அடுத்தது ரோஸ்ட். அது அளவுக்கு மேலே போய்விட்டது, அதையும் சேர்க்க முடியாது என்றார்கள். பிரென்ட்டின் அப்பன் குதித்தான். நாங்கள் கொடுத்த தீனிக்கு இவ்வளவு கொழுப்பு எப்படி வரும் என்று கத்தினான். மிஸ் டூலன் பக்கத்துப் பக்கத்துத் தொட்டிகள் இரண்டையும் பார்த்தாள், பிறகு மெரினைப் பார்த்தாள். அவ்வளவுதான். ஆறு வாரமாக நம் பெண் பட்டனின் தானியத்தில் பாதியை ரோஸ்ட்டின் தொட்டியில் கொட்டியிருக்கிறாள். எடை இல்லாவிட்டால் கண்காட்சி இல்லை, கண்காட்சி இல்லாவிட்டால் இறைச்சிக்கூடம் இல்லை, பட்டனை வீட்டுக்குக் கூட்டி வந்துவிடலாம். அவள் போட்ட கணக்கு இது.

அந்தக் கணக்கைச் சரி செய்யத் தெரிந்தவர்கள் அங்கே பத்துப் பேர் நின்றோம். ஒருவர் பின் ஒருவராக வண்டிக்குத் திரும்பினோம். 

அன்று சாயங்காலமே டிரெலோர் வீட்டுக்குப் போனேன். நல்ல மனுஷன்தான், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. “டெஸ், புல்லு எங்க இருக்கு? என்கிட்டயும் இல்ல, உன்கிட்டயும் இல்ல. எதப் போட்டு வளர்ப்ப?” என்று கேட்டார். ஊருக்குள் வீட்டில் மாடு வைக்கவும் நகராட்சி விடாது. அந்த நகராட்சிக்குத்தானே நான் வேலை பார்க்கிறேன். பஞ்சத்தில் கழிக்கிற மாடுகளோடு பட்டனும் ரோஸ்ட்டும் திங்கட்கிழமை இறைச்சிச் சந்தைக்குப் போவது என்று முடிவாயிற்று. மற்ற நான்கும் இன்னும் மூன்று வாரம் பட்டியில் தின்றுகொண்டு, தலைவாரிக்கொண்டு இருக்கும்.

திங்கட்கிழமை அவள் வகுப்பில் இருக்கும் நேரமாகப் பார்த்து லாரியைக் கொண்டுவரச் சொன்னோம். ரோஸ்ட் தானாக ஏறிவிட்டது, பட்டன் சரிவுப் பலகையில் கால் வைக்கவே இல்லை. டிரெலோரும் நானும் டிரைவரும் முன்னால் இழுத்தோம், பின்னால் தள்ளினோம். நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு பள்ளிக்கூடக் கட்டடத்தையே பார்த்து நின்றது. கடைசியில் மிஸ் டூலன் போய்க் கணக்கு வகுப்பிலிருந்து மெரினைக் கூட்டி வந்தாள். வேண்டாம் என்று தடுத்திருக்கலாம், ஆனால் எனக்கு வேறு வழி தெரியவில்லை, லொரேன்.

மெரின் நேரே பட்டனிடம் போனாள். கயிற்றை வாங்கினாள், பட்டனின் நெற்றியில் ஒருமுறை கை வைத்தாள், முன்னால் நடந்தாள். அது ஆட்டுக்குட்டி மாதிரி அவள் பின்னாலேயே ஏறிப் போயிற்று. ஜன்னல்களில் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் நின்றார்கள். பிரென்ட்டும் நின்றான், அவன் சிரிக்கவில்லை.

லாரி போன பிறகு என்னிடம் வந்தாள். “நான் ஒழுங்கா தீனி போட்டிருந்தா இன்னும் மூணு வாரம் இருந்திருப்பான்ல, அப்பா?” என்று கேட்டாள். நான் தொப்பியைக் கழற்றித் தூசி தட்டினேன். 

நேற்று நர்ஸ் மறுபடியும் போன் செய்தாள். இன்னும் இரண்டு கிலோ இறங்கினால் உன் உடம்பு தாங்காது, கதிரை நிறுத்திவிட்டு உன்னை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னாராம். அதைக் கேட்டு நீ சிரித்தாயாம். உனக்கு வீட்டு ஞாபகம், பாவம் என்றாள். நான் போனை வைத்துவிட்டு அடுப்படியில் போய் நின்றேன். எனக்கு அந்தச் சிரிப்பு தெரியும். போன வெள்ளிக்கிழமை எடை மேடைக்குப் பக்கத்தில் மெரின் முகத்தில் அதைத்தான் பார்த்தேன்.

அவர்கள் அனுப்பத்தான் செய்வார்கள், லொரேன். அழைத்து வர நான்தான் வர வேண்டும். பட்டன் மெரினை நம்பி ஏறியதுபோல நீயும் என்னை நம்பி வண்டியில் ஏறி உட்காருவாய். சிட்னியிலிருந்து இங்கே வரும்வரை ஒன்பது மணி நேரம் உன் பக்கத்தில் உட்கார்ந்து நான் என்ன பேசுவது? என்னால் அது முடியாது. எனக்கு மெரினுக்கு இருக்கும் தைரியம் இல்லை.

குழாயைப் போட்டுக்கொள். அசிங்கமாக இருக்கும் என்று நினைக்காதே, அதை இங்கே யாரும் பார்க்கப் போவதில்லை. பார்த்தால் பார்க்கட்டும்.

மெரின் இன்று பட்டிப் பக்கம் போகவில்லை. எல்லாப் பிள்ளைகளையும்போல மணி அடிக்கும் நேரத்துக்குக் கிளம்பினாள். வாசலில் திரும்பி, அம்மாவுக்கு எடை வெள்ளிக்கிழமைதானே என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன்.

நீ நூறு வருஷம் வாழ வேண்டும் என்றெல்லாம் நான் இப்போது கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் கொஞ்சம் கனத்திரு, கண்ணே.

உன் டெஸ்